‘திருகோணமலை’ என்னும் போர்க்கப்பல்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில் ஹாட்டில்பூல் என்னும் துறைமுகப் பட்டினம் உளது. நிலக்கரி ஏற்றுமதியாலும் கப்பல் கட்டுந் தொழிலாலும் ஒரு காலத்திற் பெயர்பெற்றிருந்த அப்பட்டினத்தின் பழைய துறையொன்றில், மூன்று பாய்மரங்களோடு கூடிய மரக்கப்பல் ஒன்று இன்றும் மிதந்து நிற்கின்றது. அதன் பெயர் ‘ட்ரிங்கோமலி’ என்பது. திருகோணமலை என்னும் பெயர் ஆங்கிலேயர் நாவிற் பெற்ற உருவமே அது. பிரித்தானியக் கடற்படைக்கென மரத்தாற் கட்டப்பெற்ற கப்பல்களுள் இன்று நீரில் மிதப்பனவற்றை எடுத்து நோக்கின், யாவற்றினும் பழையது இதுவேயாகும். நெல்சனின் ‘விக்டரி’ இதனினும் வயது முதிர்ந்ததாயினும், அது நீரிலன்றி உலர்துறையில் நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

போர்க்கப்பலொன்றின் வரலாற்றை ஆராய முற்படுவோர் முதலில் அது பொருத போர்களைத் தேடுதல் இயல்பு. அவ்வாறு தேடுவோர்க்கு இக்கப்பல் ஏமாற்றத்தையே அளிக்கும். திரபல்காப் போர் நிகழ்ந்தது 1805 ஆம் ஆண்டில். வாட்டலூப் போர் 1815 இல். இக்கப்பல் நீரில் இறக்கப்பட்டதோ 1817 ஆம் ஆண்டில். நெப்போலியனை எதிர்ப்பதற்கென 1812 இல் கட்டளையிடப்பட்ட கப்பல், நெப்போலியன் சிறைப்பட்டு இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே கடலைக் கண்டது. நீண்ட தன் வாழ்நாளிற் பகைவரின் கப்பலோடு எதிரெதிர் நின்று பொருத பெரும் போர் ஒன்றேனும் அதற்கு வாய்க்கவில்லை. ஆயினும், புகழ்பெற்ற கப்பல்கள் பல விறகாகவும் கடலடிப் பொருளாகவும் மறைந்தொழிய, இது நிலைத்திருப்பது ஏன்? போர் இல்லாத காலத்துப் போர்க்கப்பல் யாது செய்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணின், போர் நூல்கள் பெரிதும் கூறாது விடுகின்ற ஒரு வரலாறு புலப்படும்.

முதலிற் பெயரை நோக்குவாம். கோணேசர் எழுந்தருளிய கோணமலையைத் திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடினார். ஆங்கிலக் கடற்படையார் அப்பெயரை விரும்பியதற்குக் காரணம் மலையன்று. மலையின் அடியிலுள்ள துறைமுகமே. வங்கக் கடலின் கண்ணே, மாரிக் காற்றுக்கு அஞ்சாது பெருங்கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறை அதனைப் போல் வேறில்லை. 1782 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஆங்கிலக் கடற்றளபதி எட்வேட் ஹியூஸ் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டு ஆகத்து மாத இறுதியிற் பிரெஞ்சுக் கடற்றளபதி சுவ்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செய்தி அறியாது துறையை நோக்கி வந்த ஹியூஸ், கோட்டையிற் பிரெஞ்சுக் கொடி பறப்பதைக் கண்டு திகைத்தார். செத்தெம்பர் 3 ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே இரு படைகளும் கடுமையாகப் பொருதன. சுவ்ரேன் ஏறிநின்ற கப்பலின் நடுப்பாய்மரம் முறிந்து வீழ்ந்தது. எனினும் வெற்றி இன்னார்க்கென்று கூறத்தக்க முடிவு எய்தப்படவில்லை. இப்போரின் நினைவாகவே கப்பலுக்குப் பெயர் இடப்பட்டது என்பர். இறுதியாக 1795 இல் அத்துறை ஆங்கிலேயர் வசமாயிற்று. அப்பெயரைத் தாங்கிய சிறிய கப்பல் ஒன்று முன்னரும் இருந்தது. 1799 ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலொன்றோடு பொருதவிடத்து அது வெடித்துச் சிதறியது. எனவே நம் கப்பல் பெற்ற பெயர் அத்துணை நற்குறியுடையதன்று எனக் கருதிய மாலுமிகளும் இருந்திருக்கலாம்.

பெயருக்கு மூலமான அந்நாளுக்கு மறுநாளே அதன் உருவத்துக்கும் மூலம் வாய்த்தது என்பது வியப்புக்குரியது. திருகோணமலைப் போரின் மறுநாள், அதாவது 1782 செத்தெம்பர் 4 ஆம் நாள், உலகின் மறு பக்கத்திலே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் ‘ஈபே’ என்னும் புத்தம் புதிய பிரெஞ்சுக் கப்பல் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. அதனைப் பிடித்த ‘ரெயின்போ’ என்னும் கப்பல் பரீட்சார்த்தமாகப் பெரும் வாயையுடைய குறும்பீரங்கிகளைத் தாங்கியிருந்தது. தன் கப்பலின் மீது வந்து வீழ்ந்த குண்டின் பருமனைக் கண்ட பிரெஞ்சுத் தலைவர், தம்மைத் துரத்துவது மிகப் பெரியதொரு போர்க்கப்பலே என மயங்கிச் சரணடைந்தார். ‘ஈபே’ சானே என்னும் பிரெஞ்சுக் கப்பற் சிற்பி வரைந்த வடிவம். பகைவனது கப்பலாயினும் அதன் அழகையும் விரைவையும் கண்ட ஆங்கிலேயர் அதன் அளவுகளை எடுத்து, அவ்வடிவத்திலேயே தமக்கும் கப்பல்கள் கட்டத் தொடங்கினர். 1800 இல் நீரிலிறங்கிய ‘லீடா’ என்பது அவற்றுள் முதலாவது. ஆதலின் அவ்வினத்துக் கப்பல்கள் யாவும் லீடா வகுப்பு எனப்பட்டன. நம் கப்பலும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே.

இவை பிரிகேற் எனப்படும் கப்பல்கள். மூன்று பாய்மரங்களும், பெரும் பீரங்கிகளைத் தாங்கும் மூடிய தட்டு ஒன்றும் உடையன. அணிவகுத்து நின்று பொருதற்குரிய பெருங்கப்பல்களுக்கு இவை நிகரல்ல. ஆனால் அவற்றினும் விரைவுடையன. பகைவரின் நடமாட்டத்தை வேவு பார்த்தல், வணிகக் கப்பல்களுக்குக் காவல் செல்லல், செய்தி கொண்டு போதல், தொலைக் கடல்களிற் கொடி காட்டல் ஆகிய தொழில்கள் இவற்றுக்குரியன. படையின் கண்ணும் காலும் இவை எனலாம். இவ்வகுப்பைச் சேர்ந்த ‘சானன்’ என்னும் கப்பல் 1813 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பொஸ்ரன் நகருக்கு வெளியே ‘செசபீக்’ என்னும் அமெரிக்கக் கப்பலைக் கால் மணி நேர அளவிலே வென்று பெரும் புகழ் பெற்றது.

இனி, இங்கிலாந்தின் கடற்படைக்குரிய கப்பல் பம்பாயிலே கட்டப்படவேண்டிய காரணம் யாது? ஓக்கு மரப் பஞ்சமே அதற்கு விடை. பெருங்கப்பல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான மரங்கள் வேண்டும். அம்மரங்கள் முதிர்வதற்கோ நூறாண்டு செல்லும். இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்த போரினால் இங்கிலாந்தின் காடுகள் வறிதாயின. நன்கு உலராத மரத்தை அவசரத்தாற் பயன்படுத்தியமையால், கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே உளுத்துப் போன கப்பல்களும் இருந்தன. இந்நிலையிலேயே தேக்கின் அருமை இலண்டனில் உணரப்பட்டது. தேக்கில் இயற்கையாக அமைந்த எண்ணெய் நீரையும் பூச்சியையும் தடுக்கும். ஓக்கில் உள்ள அமிலம் இரும்பாணியை அரித்துவிடும். தேக்கோ இரும்பைக் காக்கும். ஒரு குறையும் கூறப்பட்டது. குண்டு பட்டுத் தெறிக்கும் தேக்குச் சிராய் உடலிற் பாய்ந்தால் அப்புண் எளிதில் ஆறாது என ஐரோப்பிய மாலுமிகள் அஞ்சினர்.

மரம் இருந்தாற் போதாது, கைத்திறனும் வேண்டும். அது பம்பாயிலே தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருந்தது. 1736 ஆம் ஆண்டிற் சூரத்து நகரிலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி என்னும் பார்சி வகுப்புத் தச்சர் தம் தொழிலாளர் சிலரோடு கிழக்கிந்தியக் கம்பனியாரின் அழைப்பில் அங்குக் குடியேறினார். வாடியா எனப்படும் அக்குடும்பத்தார் ஒன்றரை நூற்றாண்டு காலம் பம்பாய்க் கப்பற் பட்டறையின் தலைமைச் சிற்பிகளாய் விளங்கினர். லவ்ஜியின் வழித்தோன்றலாகிய யம்செட்ஜி பொமன்ஜி என்பாரே நம் கப்பலைக் கட்டியவர். அவர் 1810 இல் முடித்துக் கொடுத்த ‘மிண்டன்’, 74 பீரங்கிகள் தாங்கியது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே ஆங்கிலக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட அணிவகுப்புப் பெருங்கப்பல்களுள் முதலாவது. கீழைத்தேயத் தச்சன் கட்டும் கலம் ஐரோப்பியக் கடலுக்கு ஈடுகொடுக்குமோ என ஐயுற்றோர் வாயை அக்கப்பல் அடைத்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ பாய் விரித்து 1938 இல் அமெரிக்கக் கரையை அடைந்தமையை அறிந்த ஈழத்தவர்க்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

இவ்விடத்துக் காட்டின் கதையையும் கூறாது விடுதல் முறையன்று. பம்பாய்க்குச் சென்ற தேக்கு பெரும்பாலும் மலையாள நாட்டுக் காடுகளில் வெட்டப்பட்டது. அக்காடுகள் வெற்று நிலமல்ல. அவற்றுக்கு உடையவரும் இருந்தனர், அவற்றை அண்டி வாழ்ந்த குடிகளும் இருந்தனர். 1806 ஆம் ஆண்டிற் கம்பனியார் வாட்சன் என்னும் படை அலுவலரைக் காடுகளின் காவலராக நியமித்தனர். தேக்கு மரம் அரசின் தனியுரிமை என அறிவிக்கப்பட்டது. தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்டுதல் குற்றமாயிற்று. கடற்படைக்கு மலிவாக மரம் கிடைத்தது. நாட்டார்க்கு மனக்கொதிப்பே எஞ்சியது. முறைப்பாடுகள் பெருகவே, 1823 இற் சென்னை ஆளுநர் தோமசு மன்றோவின் காலத்தில் அப்பதவி ஒழிக்கப்பட்டது. நம் கப்பலின் தேக்கு அக்கெடுபிடி நிகழ்ந்த ஆண்டுகளுக்குரியது. அதன் உறுதியைப் புகழ்வோர் இவ்வரலாற்றையும் உடன் நினைத்தல் வேண்டும்.

கட்டளை பிறந்தது 1812 ஒற்றோபரில். கட்டுதற்குரிய வரைபடங்கள் ‘யாவா’ என்னும் போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. பம்பாயிற் பதவியேற்கச் சென்ற படைத்தளபதி ஹிசுலப்பும், அங்கே கட்டப்பட்டுவந்த மற்றொரு கப்பலுக்குரிய செப்புத் தகடுகளும் அக்கப்பலிலேயே இருந்தன. அக்காலத்தில் ஆங்கிலேயர் ஐக்கிய அமெரிக்காவோடும் போர் தொடுத்திருந்தனர். 1812 திசெம்பர் 29 ஆம் நாள் பிரேசில் கரைக்கப்பால் ‘யாவா’வை அமெரிக்கரின் ‘கொன்ஸ்ரிற்றியூசன்’ என்னும் கப்பல் எதிர்ப்பட்டது. கடும்போரின் பின் ‘யாவா’ சரணடைந்தது. மீட்க இயலாவண்ணம் சிதைந்திருந்தமையால் அமெரிக்கர் அதனைத் தீயிட்டு அழித்தனர். வரைபடங்கள் போயின. மறுபடி வரைந்து, மறுபடி அனுப்பி, பம்பாயில் வேலை தொடங்குவதற்குள் ஐரோப்பாவிற் போரே முடிந்துவிட்டது. நம் கப்பல் காலந் தாழ்த்திப் பிறந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1816 ஏப்பிரிலிற் கப்பலின் அடிமரமாகிய ஏரா இடப்பட்டது. பார்சி மக்களின் வழக்கப்படி அவ்வேராவில் வெள்ளியாணி ஒன்று அறையப்பட்டது. கலத்தின் நலத்துக்கு அது இன்றியமையாதது என்பது அவர்தம் நம்பிக்கை. கப்பலின் நீளம் பீரங்கித் தட்டின்மேல் 150 அடி. அகலம் ஏறத்தாழ 40 அடி. நிறை ஆயிரம் தொன்னுக்குச் சற்று மேல். பீரங்கித் தட்டில் 18 இறாத்தற் குண்டெறியும் பீரங்கிகள் 28 இருத்தற்கு இடம் அமைக்கப்பட்டது. முந்நூறு மாலுமிகள் அதில் வாழவேண்டும். தட்டின் உயரமோ நிமிர்ந்து நிற்கவும் போதாதது. 1817 ஒற்றோபர் 12 ஆம் நாள் அது நீரில் இறக்கப்பட்டது. செலவு 23,000 பவுணுக்கு மேலாயிற்று. முந்திய ஆண்டிலே அதே பட்டறையில் ‘அம்பித்திரைற்றி’ என்னும் உடன்பிறப்பும் நீரிலிறங்கியிருந்தது.

முதற் பயணம் கப்பற்றலைவர் பிறிட்சசு என்பாரின் ஆணையில் நிகழ்ந்தது. வழியில், 1819 ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில், சென் ஹெலினாத் தீவிலே கப்பல் ஆறு நாட்கள் தங்கியது. எவனை எதிர்ப்பதற்கென அது கட்டளையிடப்பட்டதோ, அவன் அப்போது அத்தீவிலேயே சிறையிருந்தான். அவனைக் கப்பல் காணவில்லை. ஆனால் அவன் நாடி பார்த்த மருத்துவர் ஒருவரை ஏற்றிச்சென்றது. யோன் ஸ்ரோக்கோ என்னும் அக்கடற்படை மருத்துவர் அம்மாதத்திலேதான் நெப்போலியனைச் சில நாட்கள் பார்வையிட்டு, அவனது ஈரல் நோயுற்றிருப்பதாக அறிக்கை அளித்திருந்தார். தீவின் காற்று கைதிக்கு ஒவ்வவில்லை என உலகம் கூறுவதை ஆளுநர் ஹட்சன் லோ விரும்பவில்லை. தொல்லை பொறாது ‘ட்ரிங்கோமலி’யில் ஏறி இங்கிலாந்து சேர்ந்த மருத்துவர் உடனே திரும்பத் தீவுக்கு அனுப்பப்பட்டு, படைமன்றின் முன் நிறுத்தப்பட்டுச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். நோயாளியை நோயாளி என்றது அவர் செய்த குற்றம். நெப்போலியனுக்கும் இக்கப்பலுக்கும் உள்ள நேர்த் தொடர்பு இவ்வளவே.

1819 ஏப்பிரில் 30 ஆம் நாள் கப்பல் போட்சுமத்துத் துறையை அடைந்தது. அங்கே அதற்கு வேலை இல்லை. போர்க்காலத்திற் பல்லாயிரவராயிருந்த மாலுமிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டனர். பாய்மரங்கள் களையப்பட்டு, மேலே கூரை வேயப்பட்டு, கப்பல் சேமத்தில் வைக்கப்பட்டது. ஒருநாளல்ல, ஒராண்டல்ல, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே கிடந்தது. நீராவி எந்திரம் கடலில் வந்தது. இருப்புப் பாதை நிலத்திலே பரந்தது. மன்னர் மூவர் மாண்டு விக்டோரியா முடிசூடினாள். கப்பல் அசையவில்லை. ஓக்கு மரத்தாலானதாயின் இக்கிடையிலே உளுத்திருக்கும். 1845 இல் அதனைச் சோதித்துப் பார்த்தோர் மரம் பழுதின்றி இருப்பதைக் கண்டனர். பழைய பீரங்கிகளை நீக்கி, தொகையிற் குறைந்தனவும் வலிமையில் மிக்கனவுமான புதியவற்றை இருத்தினர். பின்புறத்தின் வடிவையும் மாற்றினர். பிரிகேற்றாகப் பிறந்த கப்பல் கொர்வெற் என்னும் சிறிய இனத்துள் வைத்தெண்ணப்பட்டது. எந்திரம் மட்டும் பொருத்தப்படவில்லை.

ஆகவே கட்டி முப்பதாண்டுகள் கழிந்த பின்னர், 1847 இலேயே அதன் உண்மையான சேவை தொடங்கியது. கப்பற்றலைவர் வாரன் என்பாரின் கீழ் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதியில் மூன்றாண்டுகள் உலாவியது. எயிற்றித் தீவிற் கலகம் மூண்டபோது அங்கு விரைந்தது. கியூபாத் தீவின்மேற் படையெடுப்பு நிகழும் என்ற அச்சம் எழுந்தபோது அக்கரையைக் காத்தது. நியூபவுண்லாந்து, இலாபிறடோர்க் கரைகளுக்குச் சென்றது. அடிமை வாணிகத்தைத் தடுக்கும் காவலிலும் ஈடுபட்டது. ஆங்கிலேயர் தம் குடிகளுக்கு அவ்வாணிகத்தை 1807 இல் விலக்கினராயினும், பிறர் கலங்கள் மனிதரை விலங்கிட்டு ஏற்றிச் செல்லுதல் பல்லாண்டு காலம் ஓயவில்லை. அக்காவற் பணியிலே பீரங்கி முழக்கத்திலும் பொறுமையே மிகுதியாக வேண்டப்பட்டது.

இரண்டாஞ் சேவை 1852 முதல் 1857 வரை கப்பற்றலைவர் வாலசு ஹூஸ்ரனின் கீழ்ப் பசுபிக்குச் சமுத்திரத்தில் நிகழ்ந்தது. கப்பலின் வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி இதுவே. ஆட்டிக்குப் பனிக்கடலில் வழி காணப் புகுந்த சேர் யோன் பிராங்கிளின் 1845 இல் இரு கப்பல்களோடும் 129 பேரோடும் மறைந்து போனார். அவரைத் தேடுவோர்க்குத் துணையாக அலாசுக்காவின் மேற்குக் கரையில் ஆங்கிலக் கப்பல்கள் பனிக்காலத்தைக் கழித்து நின்றன. அவற்றுக்கு உணவும் பொருளும் கொண்டு 1854 இற் ‘ட்ரிங்கோமலி’ பேரிங் நீரிணைப் பக்கமாகச் சென்றது. மலையாள நாட்டு மழையில் வளர்ந்த தேக்கு வடதுருவப் பனியை முட்டியது. தேடப்பட்டோர் அதற்குள் இறந்தொழிந்தனர் என்பதை அன்று எவரும் அறியார். அவ்விரு கப்பல்களும் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டது 2014 இலும் 2016 இலுமே.

அதே ஆண்டில் இரசியாவோடு போர் மூண்டது. கிரிமியாப் போர் எனப்படினும் அதன் பொறி பசுபிக்குக் கரையிலும் தெறித்தது. கம்சட்காவிலுள்ள பெற்றொபவுலோவ்சுக்கு என்னும் இரசியத் துறையை ஆங்கில பிரெஞ்சுப் படை தாக்கியது. தாக்குதல் தொடங்கும் வேளையில் ஆங்கிலத் தளபதி பிறைசு தம் அறையிலே தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். கரையிறங்கிய படையும் பெருந் தோல்வியுற்று மீண்டது. நம் கப்பல் அவ்வேளை வடக்கே இருந்தமையால் அவமானத்திற் பங்குகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பழிவாங்கச் சென்ற பெரும் படையில் அதுவும், அதன் உடன்பிறப்பாகிய ‘அம்பித்திரைற்றி’யும் இருந்தன. துறையை அடைந்தபோது அங்குப் பகைவர் இல்லை. இரசியர் பீரங்கிகளையும் மக்களையும் ஏற்றிக்கொண்டு முன்னரே சென்றுவிட்டனர். போருக்கெனப் பிறந்த கப்பல் போரின் வாயில்வரை சென்று, வாயில் திறந்து கிடக்கக் கண்டு திரும்பியது.

எதிர்ப்பார் இல்லாத இடத்தில் மட்டும் அதன் வலிமை முழுமையாகப் பயன்பட்டது. 1856 இல் வன்கூவர்த் தீவிலே, கவிச்சன் என்னும் ஆதிகுடிகளுள் ஓர் இளைஞன் ஆங்கிலக் குடியேறி ஒருவனைச் சுட்டுக் காயப்படுத்தினான். ஆளுநர் யேம்சு டக்ளசு, ‘ட்ரிங்கோமலி’யின் மாலுமிகளும் கடற்படை வீரருமாக நானூற்றுக்கு மேற்பட்டோரைக் கூட்டிக்கொண்டு கவிச்சன் பள்ளத்தாக்கினுட் புகுந்தார். பாய்க்கப்பலை ‘ஒற்றர்’ என்னும் சிறு நீராவிக் கப்பல் இழுத்துச் சென்றது. இளைஞன் பிடிக்கப்பட்டான், தன் மக்கள் பார்த்து நிற்க, அவ்விடத்திலேயே விசாரித்துத் தூக்கிலிடப்பட்டான். சுடப்பட்ட குடியேறியோ உயிர் பிழைத்துவிட்டான். ஆளுநரின் உறுதியைப் புகழ்ந்து எழுதினோர் உளர். நடந்தது நீதியா, அச்சுறுத்தலா என்பதை நானூறு துப்பாக்கிகளின் தொகையே கூறும். மேற்கிந்தியக் கடலில் அடிமைக் கப்பலைத் தேடிய அதே கலம் இங்கு இதனையும் செய்தது. பேரரசின் அமைதிக்காலம் என வரலாற்றாசிரியர் கூறுவது இவ்விரண்டும் சேர்ந்ததே. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுதல் உண்மையாகாது.

சில ஆண்டுகளின் பின் அக்கரையை அளந்து படம் வரைந்த கப்பற்றலைவர் றிச்சட்சு, சோல்ற் ஸ்பிறிங் தீவுக்கும் கலியானோத் தீவுக்கும் இடைப்பட்ட கால்வாய்க்கு இக்கப்பலின் பெயரை இட்டார். அருகிலுள்ள மற்றொரு வழி ஹூஸ்ரனின் பெயரைப் பெற்றது. இவ்வாறு கோணேசர் மலையின் பெயர் கனடாவின் மேற்குக் கரைப் படத்தில், எழுத்துச் சிறிது திரிந்து, ‘ட்ரிங்கோமலிக் கால்வாய்’ என இன்றும் நின்று நிலவுகின்றது. கவிச்சன் மக்கள் அந்நீரை எப்பெயரால் வழங்கினர் என்பதை அப்படம் கேட்டறியவில்லை.

1857 இல் தாய்நாடு மீண்ட கப்பலுக்கு நாற்பது வயது. நீராவியும் இரும்பும் வென்றுவிட்ட காலம் அது. எனினும் அதனை உடைக்கவில்லை. 1860 முதல் கடற்படையின் சேமப் பிரிவினர்க்குப் பயிற்சிக் கலமாக்கினர். முதலில் சண்டலாந்திலும், பின்னர் ஹாட்டில்பூலிலும், அதன்பின் சதம்ரனிலும் அது நங்கூரமிட்டு நின்றது. 1895 இல் அப்பணியும் முடிவுற்றது. 1897 மே 19 ஆம் நாள் கப்பல் உடைப்போனுக்கு விற்கப்பட்டது. ஓக்குக் கப்பலாயினும் தேக்குக் கப்பலாயினும் இத்துடன் கதை முடிதலே வழக்கம்.

முடியாதபடி தடுத்தது வேறொரு கப்பலின் அழிவு. நெல்சனின் கொடியைத் தாங்கிய ‘பூட்றோயன்’ என்னும் பழங்கப்பலை வீட்லி கொப் என்னும் செல்வர் உடைப்போரிடமிருந்து மீட்டு, இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளித்து வந்தார். 1897 யூன் 16 ஆம் நாள் பிளாக்பூல் கரையிலே புயலில் அகப்பட்டு அது நொறுங்கிற்று. அதற்கு ஈடாக வேறொரு கலம் தேடிய கொப், உடைப்போன் கையிலிருந்த ‘ட்ரிங்கோமலி’யை வாங்கினார். இழந்த கப்பலின் மேலிருந்த பற்றினால் இதற்கும் ‘பூட்றோயன்’ என்றே பெயர் மாற்றினார். மாண்ட மகவின் பெயரை வளர்ப்பு மகவுக்கு இட்டாற் போன்றது அது. அதனால் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் திருகோணமலையின் பெயர் அக்கப்பலில் இல்லாது போயிற்று. பால்மவுத்துத் துறையிலும் பின்னர்ப் போட்சுமத்திலும் சிறுவர் பலர் அதன் தட்டிலே தூக்குப்படுக்கை கட்டி உறங்கி, படகு வலிக்கவும் கயிறு முடியவும் கற்றனர். இப்பணி 1986 வரை நீடித்தது. பீரங்கித் தட்டு பள்ளிக்கூடமாய்க் கழிந்த ஆண்டுகளே அதன் வாழ்நாளில் மிகுதி.

அதன் பக்கத்திலே ‘இம்பிளாக்கபிள்’ என்னும் பெருங்கப்பல் ஒன்று உடன் நின்றது. அது திரபல்காப் போரிற் பிரெஞ்சுப் பக்கத்திற் பொருது தப்பி, சில நாட்களின் பின் ஆங்கிலேயர் கையில் அகப்பட்டது. புகழில் நம் கப்பல் அதன் நிழலுக்கும் ஒவ்வாது. ஆனால் அதன் மரம் ஓக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதனைச் செப்பனிடும் செலவைத் தாங்க ஒருவரும் முன்வரவில்லை. 1949 திசெம்பர் 2 ஆம் நாள் ஆங்கிலக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் ஒருங்கு பறக்க, வெடி வைத்துக் கடலில் அமிழ்த்தப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் முன், பம்பாயிலே யம்செட்ஜி கட்டிய ‘வெல்லசுலி’ என்னும் பெருங்கப்பலும் தேம்சு நதியிற் பயிற்சிக் கலமாய் நின்றவாறே 1940 இற் செருமானிய விமானக் குண்டுக்கு இரையாயிற்று. தேக்குக்கும் குண்டு தாங்கும் வரம் இல்லை.

எஞ்சிய கப்பல் 1987 இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பல் கட்டுந் தொழில் நசித்து, கைத்தொழிலாளர் வேலையிழந்திருந்த காலம் அது. அவர்களுட் பலரின் கைத்திறன் இப்பழங்கலத்திலே மீண்டும் பயன்பட்டது. 1990 அளவிலே தொடங்கிய புதுக்கல் வேலை பத்தாண்டுகளுக்கு மேல் நடந்து 2001 இல் நிறைவுற்றது. பத்து மில்லியன் பவுணுக்கு மேற் செலவாயிற்று. 1992 இற் கப்பலுக்கு அதன் பழைய பெயரே மீண்டும் இடப்பட்டது. பூச்சைச் சுரண்டி மரத்தைக் கண்ட தொழிலாளர், பம்பாய்த் தச்சர் பொருத்திய தேக்கிற் பெரும்பகுதி இன்னும் உறுதியாயிருப்பதைக் கண்டனர். இன்று அது பிரித்தானியக் கடற்படை நூதனசாலையின் பாதுகாப்பில் உள்ளது.

அதனினும் முதியதாய் மிதந்து நிற்கும் போர்க்கப்பல் அமெரிக்காவின் பொஸ்ரன் துறையில் உள்ளது. 1797 இல் நீரிலிறங்கிய அக்கப்பலின் பெயர் ‘கொன்ஸ்ரிற்றியூசன்’. ‘ட்ரிங்கோமலி’யின் முதல் வரைபடங்களைப் பிரேசில் கரைக்கப்பால் மறித்தது அதுவே.